அவர் பிஆர், நான் எஸ் பாஸ்

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய காரியம். கிடைத்த மேசையில் எதிரே வந்து உட்கார்ந்தாள் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி. தே வாங்கி வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்: “அக்கா, அவர் பிஆர். நான் எஸ் பாஸ். கல்யாணம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. எனக்கும் பிஆர் தானா வந்துடும்தானே?”

எஸ் பாஸ் என்பது வேலை அனுமதி. பிஆர், அதாவது நிரந்தரவாசத் தகுதி, தானாக வராது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அவளுடைய அறைத்தோழி, அலுவலகத்து அக்கா, கணவரின் நண்பர் என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லியிருந்தார்கள். எல்டிவிபி எனப்படும் நீண்டகால வருகை அனுமதியில் ‘பிளஸ்’ வகையைப் போடு என்றார் ஒருவர். வேலையை விட்டுவிட்டு எல்டிவிபிக்கு மாறு, பிஆர் சீக்கிரம் வரும் என்றார் இன்னொருவர். சேர்ந்து வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்கிவிட்டால் பிடிமானம் கூடும் என்பது மூன்றாவது யோசனை. இவற்றில் பாதி, சிங்கப்பூர்க் குடிமகனை மணந்தவர்களுக்குப் பொருந்துகிற பேச்சு. நிரந்தரவாசியை மணந்தவருக்கு அது பொருந்தாது. இந்த ஊரில் பாஸ் பற்றி நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவர் தன் அனுபவத்தைச் சொல்கிறார். ஆனால் அவர் கணவர் வைத்திருப்பது குடிமகனுக்கான இளஞ்சிவப்பு அடையாள அட்டை, இவள் கணவர் வைத்திருப்பது பிஆருக்கான நீல அட்டை.

முதலில் ஒரு சின்ன அடிப்படை. இங்கே வேலை செய்யும் உரிமையைக் கவனிப்பது மனிதவள அமைச்சு. தங்கும் உரிமையையும் நிரந்தரவாசத்தையும் குடியுரிமையையும் கவனிப்பது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம், அதாவது நம் வாயில் ஐசிஏ. உயர்நிலை வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ், நடுத்தர நிலைக்கான எஸ் பாஸ், கட்டுமானம், வீட்டு வேலை போன்றவற்றுக்கான வொர்க் பெர்மிட், முதல் இரண்டை ஒட்டிக் குடும்பத்தாருக்கு வரும் டிபெண்டன்ட் பாஸ் எல்லாம் முதல் வாசல். பிஆர், எல்டிவிபி எல்லாம் இரண்டாம் வாசல். ஐசிஏ இருக்கும் லவண்டர் பக்கம் போய் வேலை பற்றிக் கேட்பதும், மனிதவள அமைச்சின் சேவை நிலையம் இருக்கும் பெண்டிமியர் சாலைக்குப் போய் பிஆர் பற்றிக் கேட்பதும் பேருந்துக் காசுக்குத்தான் நஷ்டம்.

குடிமகனின் மனைவியும் பிஆரின் மனைவியும்

குடிமக்களின் வெளிநாட்டுத் துணைகளுக்காக அரசு 2012 ஏப்ரலில் எல்டிவிபி பிளஸ் என்ற அனுமதியைக் கொண்டுவந்தது. சாதாரண எல்டிவிபியைவிட நீண்ட காலத்துக்குக் கிடைக்கும். அரசு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் கட்டணத்தில் ஓரளவு சலுகை உண்டு. பிறகு 2015-ல், கல்யாணத்துக்கு முன்பே ‘இவருக்கு எல்டிவிபி கிடைக்க வாய்ப்பிருக்கிறதா’ என்று மதிப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடும் வந்தது. இரண்டுமே குடிமக்களின் துணைகளுக்கு. பிஆரின் துணைக்கு இரண்டும் கிடையாது. அவருக்கு உள்ளது சாதாரண எல்டிவிபி. முதல் முறை பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு என்று குறுகிய காலத்துக்குத்தான் வரும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு? குடிமகனின் குடும்பம் இங்கேதான் வாழப்போகிறது என்று அரசு எடுத்துக்கொள்கிறது. பிஆர் விஷயத்தில் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ‘நிரந்தர’ என்ற சொல்லை நம்பி நாம் ஏமாந்துவிடுகிறோம். பிஆர் ஒருவர் வெளிநாடு போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதி வேண்டும். அது வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அது இல்லாமல் வெளியே தங்கிவிட்டால் பிஆர் தகுதியே கைவிட்டுப் போகலாம். ஆக, பிஆரின் துணைக்குத் தரப்படும் எல்டிவிபி, புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டிய ஒன்றின்மேல் சாய்ந்து நிற்கிற இன்னொன்று. கணவர் ஹைதராபாத்துக்கோ துபாய்க்கோ வேலை மாறிப் போனால் மனைவியின் அனுமதியும் ஆட்டம் காணும். மணமுறிவு வந்தாலும் அதே கதைதான்.

எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம், எதிர்பார்ப்பைச் சரிசெய்ய உதவும். 2008-ல் ஏறத்தாழ 79,000 பேருக்கு பிஆர் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் வந்தவர்கள்தான் இன்றைக்கும் ‘போட்டால் மூன்று மாதத்தில் வந்துவிடும்’ என்கிறார்கள். அவர்களுக்கு வந்தது உண்மை. ஆனால் வீடு, ரயில், மருத்துவமனை எல்லாவற்றிலும் நெருக்கடி கூடி, மக்களிடம் முணுமுணுப்பு எழுந்தபின் அரசு கடிவாளத்தை இழுத்தது. 2010-ல் அது 30,000-க்கும் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு பெரும்பாலும் ஆண்டுக்கு முப்பதாயிரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. 2024-ல் ஏறத்தாழ 35,000. அதே ஆண்டில் சிங்கப்பூரில் இருந்த பிஆர்களின் எண்ணிக்கை சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம். குடிமக்களும் அல்லாமல் பிஆரும் அல்லாமல் இருந்தவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். இவர்களில் பலர் விண்ணப்பத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் என்றாலும், வரிசை எவ்வளவு நீளம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் பாஸை விட வேண்டாம்

எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ வைத்திருப்பவர் பிஆரை மணந்தால், அவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தன் வேலையின் அடிப்படையில் தானே பிஆருக்கு விண்ணப்பிப்பது. இன்னொன்று, பிஆரின் துணை என்ற தகுதியில் கணவரோ மனைவியோ ஆதரவாளராக இருந்து விண்ணப்பிப்பது. இரண்டாவதில் ஆதரவாளர்தான் சிங்பாஸ் என்ற அரசின் இணைய அடையாளக் கணக்கு வழியாக உள்ளே போய்த் தொடங்க வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் ஓர் ஆளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். கிடைக்காவிட்டால் திரும்ப வராது.

எது நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐசிஏ தான் பார்ப்பதாகச் சொல்லும் அம்சங்கள் பொதுவானவை: சிங்கப்பூரோடு குடும்பப் பிணைப்பு, பொருளாதாரப் பங்களிப்பு, கல்வி, வயது, குடும்பச் சூழல், எவ்வளவு காலம் இங்கே இருந்திருக்கிறார் என்பது. எந்த வழியில் போனாலும் இவற்றைத்தான் எடைபோடுவார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதனால் வழியைத் தேர்ந்தெடுப்பதில் மண்டையைக் குடைந்துகொள்வதைவிட, தன் வேலையும் சம்பளமும் நிலையாக இருக்கும் நேரத்தில் போடுவது முக்கியம். துணையின் வழியில் போட்டாலும் சொந்த வேலை இருப்பவரின் மனு, வேலை இல்லாதவரின் மனுவைவிட வலுவானது என்பது என் கணிப்பு. நிராகரித்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். ‘உங்கள் மனுவில் இந்தக் குறை’ என்று ஏஜெண்ட் சொன்னால் அது அவர் ஊகம், அதற்கும் ஒரு கட்டணம். ஏஜெண்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போடப்படும் மனுவுக்குத் தனி வரிசை எதுவும் கிடையாது. படிவம் நிரப்பச் சோம்பல் என்றால் கொடுங்கள், அது வேறு விஷயம்.

இங்கேதான் ‘வேலையை விட்டு எல்டிவிபிக்கு மாறு’ என்ற யோசனையின் ஆபத்து இருக்கிறது. சொந்த பாஸ் என்பது கணவரைச் சாராத கால். அதை எடுத்துவிட்டு இரண்டு பேரும் ஒரே காலில் நிற்பதால் பிஆர் வேகமாக வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சில நேரம் வேறு வழி இருக்காது. எஸ் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அந்த வரம்பும் கூடும். முதலாளி மாதம் 650 வெள்ளி லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வை, கட்ட வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸின் வரம்பு 2025 ஜனவரியில் 5,600 ஆனது, நிதித் துறைக்கு 6,200. அதற்கு மேல் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கு, 40 புள்ளி எடுக்க வேண்டும். இந்த ஏணியில் புதுப்பிப்பு நேரத்தில் கால் வழுக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எல்டிவிபி ஒரு பாதுகாப்பு வலை. வலை இருக்கிறது என்பதற்காக யாரும் தாமாகக் குதிப்பதில்லை.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி தருவார்கள். அந்த நாட்களில் எல்டிவிபி மனு போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மனு நிலுவையில் இருப்பது வேறு, தங்க அனுமதி இருப்பது வேறு. எல்டிவிபி முடிவாக மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் பாஸ் ஆடத் தொடங்கும் முன்பே மனுவைத் தயாராக வைத்திருப்பவர்தான் தப்பிப்பார்.

டிபெண்டன்ட் பாஸ்காரர்களுக்கு ஒரு குறிப்பு, ஏனென்றால் இந்தச் சிக்கல் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி வருகிறது. கணவர் எம்ப்ளாய்மென்ட் பாஸில், மாதம் 6,000 வெள்ளிக்கு மேல் நிலையான சம்பளத்தில் இருக்கிறார். மனைவி டிபெண்டன்ட் பாஸில் வந்திருக்கிறார். கணவர் தன் பெயருக்கு மட்டும் பிஆர் போட்டு, அதுவும் கிடைத்துவிடுகிறது. எல்லோரும் கேக் வெட்டுகிறார்கள். ஆனால் பிஆர் ஆனதும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் போய்விடும், அதைச் சார்ந்த டிபெண்டன்ட் பாஸும் கூடவே போய்விடும். பிஆரால் யாருக்கும் டிபெண்டன்ட் பாஸ் எடுத்துத் தர முடியாது. மனைவியும் பிள்ளைகளும் அவசரமாக எல்டிவிபிக்கு மாற வேண்டும். முதலிலேயே சட்டப்படியான மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் ஒரே மனுவில் சேர்த்திருந்தால் இந்த ஓட்டம் இல்லை. சேர்த்தால் எல்லோருக்கும் கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை. ஆனால் சேர்க்காமல் விடுவதற்கு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

வேலை செய்வதைப் பொறுத்தவரை ஒரு விந்தை உண்டு. 2021 மே 1-லிருந்து டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர், வேலை செய்யலாம் என்று மனிதவள அமைச்சு தரும் இசைவுக் கடிதத்தை வைத்துக்கொண்டு சாதாரண வேலைக்குப் போக முடியாது, தனக்கென்று வேலை பாஸ் எடுக்க வேண்டும். சொந்தத் தொழில் நடத்தும் சிலருக்கு மட்டும் விலக்கு. ஆனால் பிஆரின் துணையாக ஐசிஏ வழங்கிய எல்டிவிபியில் இருப்பவருக்கு அந்த இசைவுக் கடித வழி இன்னும் திறந்தே இருக்கிறது. எல்ஓசி என்று சொல்வார்களே, அதுதான். காம்பஸ் புள்ளி, பட்டப்படிப்பு என்ற கேள்விகள் அதில் இல்லை. தேக்காவில் நகைக்கடை வேலையோ பாலர் பள்ளி உதவியாளர் வேலையோ தேடும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம். எல்டிவிபி முடிகிற அன்று எல்ஓசியும் முடியும் என்பதை மட்டும் முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வொர்க் பெர்மிட்டில் இருந்தால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் யாருக்காவது அனுப்புவதென்றால் இதைத்தான் அனுப்புவேன்.

கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்யும் தம்பிகளும், வீட்டு வேலைக்கு வந்திருக்கும் சகோதரிகளும் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள். சிங்கப்பூர்க் குடிமகனையோ பிஆரையோ மணக்க விரும்பினால் இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே மனிதவள அமைச்சின் அனுமதியைப் பெற வேண்டும். முன்பே என்பதைக் கவனியுங்கள். தாலி கட்டிவிட்டு வந்து சொன்னால் ஏற்க மாட்டார்கள். ‘நாங்கள் ஊரில்தானே கட்டிக்கொண்டோம், மன்னார்குடியில் பதிவு செய்தோம், சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு என்ன வந்தது’ என்று கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கல்யாணம் எங்கே நடந்தாலும் நிபந்தனை ஒன்றுதான். மீறினால் பெர்மிட் ரத்தாகும், மீண்டும் உள்ளே வரத் தடையும் விழலாம். கணவனும் மனைவியும் கடலின் இருபக்கமும் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள்.

இதைவிட அதிகம் பேருக்குத் தெரியாதது, முன்னாள் வொர்க் பெர்மிட்காரர்களுக்கும் இது பொருந்தும் என்பது. பத்து ஆண்டுக்கு முன் இரண்டு வருடம் ஜூரோங்கில் வெல்டராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பையன். இன்றைக்கு இங்கே தாதியாக வேலை பார்க்கும் பிஆர் பெண்ணுக்கு வீட்டில் பார்த்து நிச்சயம் செய்கிறார்கள். அந்தப் பழைய பெர்மிட்டை யாருமே நினைத்துப் பார்ப்பதில்லை. பதிவேட்டில் அது இருக்கிறது. பெண் வீட்டார் ஜாதகம் கேட்பதுபோல, ‘தம்பி, முன்னால சிங்கப்பூர்ல இருந்திருக்கீங்களா, எந்த பாஸ்ல?’ என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எஸ் பாஸோ எம்ப்ளாய்மென்ட் பாஸோ மட்டும் வைத்திருந்தவருக்கு இந்த நிபந்தனை இல்லை.

பெண் வொர்க் பெர்மிட்காரர் என்றால் இன்னும் ஒரு கண்டிப்பு. அமைச்சின் அனுமதியோடு குடிமகனையோ பிஆரையோ மணந்திருந்தால் ஒழிய, அவர் கர்ப்பம் தரிப்பதோ இங்கே பிள்ளை பெறுவதோ பெர்மிட் நிபந்தனைக்கு எதிரானது. கடுமையான விதி என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் விதி பிடிக்கவில்லை என்பது வேறு, விதி தெரியாமல் இருப்பது வேறு.

அனுமதி கேட்கும்போது, இந்தத் தம்பதி யாருக்கும் பாரமாகாமல் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்களா என்பதை எடைபோடுவார்கள். அதனால் பிஆர் தரப்பின் வேலை, சம்பளம், வீடு பற்றிய சான்றுகள் ஒழுங்காக இருக்க வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் தன் வேலையை வைத்து பிஆருக்கு விண்ணப்பிக்க முடியாது. அனுமதியோடு நடந்த கல்யாணம்தான் அவருக்கு எல்டிவிபிக்கும் பிஆருக்கும் கதவைத் திறக்கிறது.

அதே கதவைக் காசுக்குத் திறக்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். குடிநுழைவுச் சலுகைக்காகப் பேருக்குக் கல்யாணம் செய்துகொள்வது 2012 முதல் தனிக் குற்றம். பத்தாண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஏற்பாடு செய்து கொடுத்தவரும் தப்ப முடியாது.

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிஆர் தன் துணைக்காக ஐசிஏவிடம் போகும்போது கேட்கப்படுவது சட்டப்படியான திருமணச் சான்றிதழ். ஒரே பாலினத் தம்பதிகளுக்கும் இந்த வழி இல்லை. ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு நீக்கப்பட்டபோதும் திருமணத்தின் சட்ட வரையறை மாறவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு சொந்த வேலை பாஸ்தான் வழி.

வீடு, மருத்துவமனை, குழந்தை

எங்கள் ஊர்ப் பெண்ணின் மூன்றாவது ஆலோசகர் சொன்ன வீவக வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். பிஆர் தம்பதி மறுவிற்பனை வீவக வீடு வாங்க, இருவரும் பிஆராக இருக்க வேண்டும், இருவருக்கும் மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். ஒருவர் பிஆர், மற்றவர் எஸ் பாஸ் அல்லது எல்டிவிபி என்றால் வாங்க முடியாது. வாடகைதான், இல்லாவிட்டால் தனியார் வீடு. தனியார் வீட்டிலும் ஒரு பொறி. பிஆர் தன் பெயரில் மட்டும் முதல் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி 5 சதவீதம். ஆசையாக மனைவி பெயரையும் சேர்த்தால், அவர் வெளிநாட்டவர் என்பதால், 2023 ஏப்ரல் இறுதியில் உயர்த்தப்பட்ட 60 சதவீத விகிதம் முழு விலைக்கும் விழும். பத்து லட்சம் வெள்ளி வீட்டுக்கு 50,000 எங்கே, 6 லட்சம் எங்கே! தம்பதிகளுக்கான சலுகை இருக்கிறதே என்பீர்கள். அதற்கு இருவரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும்.

மருத்துவச் செலவிலும் அப்படித்தான். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி குடிமக்களுக்கும் பிஆர்களுக்கும் மட்டும். பிஆரின் துணையாக எல்டிவிபியில் இருக்கும் பெண் பிரசவத்துக்குப் போனால் சலுகை இல்லாத முழுக் கட்டணத்தை எண்ணி வைக்க வேண்டும். தனியார் காப்புறுதி எடுக்கலாம், ஆனால் கர்ப்பத்துக்குப் பிறகு எடுத்துப் பயனில்லை.

குழந்தை இங்கே பிறந்துவிட்டால் குடியுரிமை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால்தான் வரும். தந்தை பிஆர், தாய் எல்டிவிபி என்றால் குழந்தை பிறக்கும்போது பிஆர்கூட இல்லை. பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும், குழந்தைக்கென்று பிஆருக்கோ எல்டிவிபிக்கோ விண்ணப்பிக்க வேண்டும். இந்தியப் பெற்றோர் என்றால் கிரேஞ்ச் சாலையில் இருக்கும் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிவு செய்யவும் மறக்கக்கூடாது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் இந்தியக் குடியுரிமை அந்தப் பதிவில்தான் இருக்கிறது. பெற்றோரின் ஆதரவில் பிஆர் ஆகும் ஆண் பிள்ளைக்குத் தேசிய சேவைக் கடமையும் வரும், பதினெட்டு வயதில் இரண்டாண்டு. அப்போது பிஆரைத் துறந்துவிட்டுக் கிளம்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், பின்னாளில் அந்தப் பிள்ளை இங்கே படிக்கவோ வேலை செய்யவோ வர விரும்பினால் அந்த முடிவு குறுக்கே நிற்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பிஆர் கிடைத்ததும் மத்திய சேம நிதி தொடங்கும். முதல் இரண்டாண்டு குறைந்த விகிதம், மூன்றாம் ஆண்டிலிருந்து முழுசாக. 55 வயது வரை சம்பளத்தில் 20 சதவீதம் நம்முடையது, 17 சதவீதம் முதலாளியுடையது. கையில் வரும் பணம் குறைகிறதே என்று முதல் மாதம் எல்லோரும் புலம்புவார்கள். நானும் புலம்பியிருக்கிறேன்.

இனிஷியல் என்னும் வில்லன்

காகிதங்களில் நம்மவர்களுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. பள்ளிச் சான்றிதழில் ‘கு. செல்வி’ என்பதுபோல இருக்கும். கடவுச்சீட்டில் அப்பா பெயர் விரிந்து முன்னாலோ பின்னாலோ வந்து உட்கார்ந்திருக்கும். திருமணச் சான்றிதழில் பதிவாளர் ஊர்ப் பெயரையும் சேர்த்திருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது சிலர் கணவர் பெயரை ஒட்டிக்கொள்வார்கள். ஆக, ஒரே பெண்ணுக்கு நான்கு பெயர். நமக்கு இது சாதாரணம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நான்கு பெண்கள்.

மனு போடும் முன் எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பிப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் நோட்டரி முன் உறுதிமொழி எழுதி வைத்துக்கொள்ளலாம். என் மனுவின்போது அப்பா பெயரில் ஒரு ‘எச்’ கூடுதலாக இருந்ததைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஓடியது. கோயில் ரசீதும் திருமண மண்டப அழைப்பிதழும் திருமணச் சான்று ஆகாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், ஆனால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விமானம் ஏறியவர்கள் பலர். அதற்காகவே ஒரு முறை ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, வீட்டில் பேச வேண்டிய வழி. பிஆராக இருக்கும் துணை குடியுரிமைக்குப் போவது. 21 வயதானவர், பிஆராகி இரண்டாண்டு முடிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் நாம் மேலே பார்த்த பல பூட்டுகள் ஒரே சாவியில் திறக்கும்: எல்டிவிபி பிளஸ், வீவக வீடு, முத்திரை வரிச் சலுகை, குழந்தையின் குடியுரிமை. விலை, இந்தியக் கடவுச்சீட்டு. இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஊரில் நிலபுலன், வயதான பெற்றோர் என்று இருப்பவர்களுக்கு இது படிவம் நிரப்பும் முடிவு அல்ல. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருக்கிறது என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் அதை வைத்து விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டும் போட முடியாது. மாமனார் மாமியாரிடம் இதைப் பேசும் பொறுப்பை மருமகள் தலையில் கட்டிவிடாமல் இருந்தால் சரி.

எங்கள் ஊர்ப் பெண் அன்று இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டாள். கடைசியில் எஸ் பாஸை விடுவதில்லை என்று முடிவெடுத்தாள். கணவர் சிங்பாஸில் போய் அவளுக்கான பிஆர் மனுவைத் தொடங்கினார். திருமணச் சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் ‘கே’, கடவுச்சீட்டில் ‘ஜி’. அப்பா பெயர் குமாரசாமி, தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கு’தான். அதற்கான உறுதிமொழிக் கடிதம் ஊரிலிருந்து அஞ்சலில் வந்துகொண்டிருக்கிறது.